சத்தம் எந்த இடத்தில் நின்றது? கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பழுதைத் தேடிப் பிடிக்கும் வழி

ஸ்பீக்கரில் சத்தம் வராவிட்டால் பலரும் முதலில் கைவைப்பது டிரைவரில்தான், அதாவது ஒலிக்கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளில். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தவன். ஒருமுறை டிரைவரை மூன்று தடவை அழித்து மறுபடி போட்டேன், மசியவில்லை. விண்டோஸையே புதிதாக நிறுவினேன், அதற்கும் மசியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போன பிறகு, சாயங்காலம் கேபினட்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்பீக்கர் பின் பச்சைத் துளைக்குப் பதில் பக்கத்திலிருந்த நீலத் துளையில் உட்கார்ந்திருக்கிறது. முந்தின நாள் தூசு தட்டும்போது கழற்றி மாட்டியது நானேதான்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். சத்தம் எதுவரை வந்து நிற்கிறது என்று தெரியாமல் எதையும் அழிப்பதில்லை, எதையும் நிறுவுவதில்லை. பாட்டு ஓடும் செயலியில் தொடங்கி, விண்டோஸ், டிரைவர், சவுண்ட் சிப், ஜாக், கேபிள், ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர், கடைசியில் காகிதக் கூம்பு என்று ஒலி ஒரே வழியாகத்தான் நடந்து வருகிறது. நடுவில் எங்கோ கால் தடுக்கியிருக்கிறது. அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் சின்ன வேலை.

முதலில் இரண்டு நிமிடச் சோதனை

வேண்டியவை ஒரு ஹெட்போனும், சத்தம் தரக்கூடிய இன்னொரு கருவியும். போன், டேப்லெட், லேப்டாப், எதுவானாலும் சரி. ஸ்பீக்கரின் சத்தக் குமிழை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போனைக் காதில் மாட்டாமல் கையில் பிடித்தபடியே சோதியுங்கள். திடீரென்று முழு வேகத்தில் சத்தம் வந்தால் காதுக்கு நல்லதல்ல.

1. கம்ப்யூட்டரில் ஒரு பாட்டை ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் பின்னைக் கழற்றி, அதே துளையில் ஹெட்போனைச் செருகுங்கள்.

2. கழற்றிய ஸ்பீக்கர் பின்னைப் போனில் செருகி, அதில் ஒரு பாட்டைப் போடுங்கள். போனில் வட்ட ஜாக் இல்லையென்றால் வேறு லேப்டாப்பில் செருகலாம்.

ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கர் போனிலும் ஊமையாக இருக்கிறது என்றால் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். பழுது கேபிளிலோ ஸ்பீக்கரிலோதான். ஹெட்போனில் கேட்கவில்லை, ஸ்பீக்கர் போனில் நன்றாகப் பாடுகிறது என்றால் ஸ்பீக்கரை மறந்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் தேடுங்கள். இரண்டிலும் கேட்டால் பின்தான் சரியாக உட்காராமல் இருந்திருக்கும்; கழற்றி மாட்டியதிலேயே சரியாகியிருக்கும். சொன்னால் நம்பமாட்டீர்கள், இந்த மூன்றாவது வகை நிறையவே வரும்.

யுஎஸ்பி வழியாகவே ஒலியும் வரும் ஸ்பீக்கர் என்றால் அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். கணக்கு அதேதான்.

மின்சாரம், பின், துளை

இந்தப் பகுதியைப் படிக்கும்போது ‘இதுகூடத் தெரியாதா’ என்று தோன்றும். பரவாயில்லை, ஒருமுறை குனிந்து பாருங்கள்.

ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறதா? கம்ப்யூட்டர் ஜாக்கிலிருந்து வருவது மிகச் சிறிய மின்சைகை. அதைப் பெருக்கிக் கூம்பை அசைக்கும் ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கருக்குள்தான் இருக்கிறது. அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டும். பொதுவாக ஜோடியில் ஒரு ஸ்பீக்கரில்தான் ஆம்ப்ளிஃபையர் இருக்கும். மற்றது அதிலிருந்து வயர் வாங்கிக்கொள்ளும் வெறும் பெட்டி.

புதிதாக வாங்குபவர்களைக் குழப்புவது யுஎஸ்பி வயரும் வட்டப் பின்னும் இரண்டும் உள்ள சின்ன ஸ்பீக்கர்கள். யுஎஸ்பியைச் செருகியதும் விளக்கு எரியும். ஆனால் சத்தம் வராது. அவற்றில் பலவற்றில் யுஎஸ்பி 5 வோல்ட் மின்சாரத்துக்கு மட்டும்தான். ஒலி வட்டப் பின் வழியாகத்தான் போகும். இரண்டையும் செருகியாக வேண்டும்.

ஸ்பீக்கரின் முகப்பில் ஹெட்போன் துளை இருந்தால் அதில் எதுவும் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியிருந்தால் கூம்புகள் தாமாக அமைதியாகிவிடும். ஆக்ஸ், புளூடூத், ஆப்டிக்கல் என்று உள்ளீட்டை மாற்றும் பொத்தான் இருந்தால் அது எதில் நிற்கிறது என்று பாருங்கள். கையோ பூனையோ பட்டு மாறியிருக்கும். சில ஸ்பீக்கர்கள் சிறிது நேரம் சத்தம் இல்லாவிட்டால் தாமாகவே உறங்கிவிடும். மிகக் குறைந்த சத்தத்தில் பாட்டுக் கேட்பவர்களுக்கு இது ‘அடிக்கடி நின்றுவிடுகிறது’ என்ற புகாராகத் தெரியும். கம்ப்யூட்டர் பக்கம் சத்தத்தைக் கூட்டி, ஸ்பீக்கர் குமிழைக் குறைத்தால் விழித்தே இருக்கும்.

துளைகளின் நிறத்துக்குப் பொருள் உண்டு. இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து வெளியிட்ட பிசி 99 வழிகாட்டியிலிருந்து வந்த வழக்கம் அது. இளம்பச்சை என்றால் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன். இளஞ்சிவப்பு மைக். வெளிர்நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு, என் ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிய துளை அதுதான். ஆரஞ்சு, கறுப்பு, சாம்பல் எல்லாம் ஐந்து, ஏழு ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு. நிறமில்லாத கேபினட்டில் துளையின் அருகே ஹெட்போன் படமோ மைக் படமோ இருக்கும்.

டெஸ்க்டாப்பில் முன்பக்கத் துளையில் சத்தம் வரவில்லை என்றால் பின்பக்கத் துளையில் முயலுங்கள். முன்பக்கத் துளை, மதர்போர்டுடன் ஒரு சின்ன வயரால் இணைந்திருக்கிறது. கேபினட்டைத் திறந்து யாராவது வேலை பார்த்தபின் அந்த வயரை மாட்ட மறந்துபோவது சகஜம்.

பின் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்பதற்கு ஓர் அழகான அடையாளம் உண்டு. இசை கேட்கிறது, ஆனால் பாடுபவரின் குரலை மட்டும் காணோம். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்றால் பின்னின் அடிப்பகுதி தொடவில்லை என்று அர்த்தம். 3.5 மி.மீ. பின்னின் நுனி இடப்பக்க ஒலி, நடு வளையம் வலப்பக்க ஒலி, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான தரை. தரை விட்டுப்போனால் இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். பாடகரின் குரல் பொதுவாக இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடுகிறது. பின்னைக் ‘க்ளிக்’ என்று அழுத்துங்கள், பாடகர் திரும்பி வந்துவிடுவார். வராவிட்டால் கேபிளுக்குள் தரைக் கம்பி அறுந்திருக்கிறது. பின்னின் கழுத்தருகே வயரை மெல்ல வளைத்துப் பார்த்தால் சத்தம் வந்து வந்து போகும்.

விண்டோஸ் எங்கே அனுப்புகிறது?

ஸ்பீக்கரிலும் வயரிலும் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டால் திரைக்கு வாருங்கள். இங்கே மிக அடிக்கடி நடப்பது, ஒலி வேறு வீட்டு வாசலில் போய் நிற்பது. மானிட்டரை எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்திருந்தால் அந்தக் கேபிள் படத்தோடு ஒலியையும் சுமக்கும். விண்டோஸ் மானிட்டரையும் ஓர் ஒலிக்கருவியாக எண்ணி அங்கே அனுப்பத் தொடங்கும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே இருக்காது. புது மானிட்டர் வாங்கிய அன்றோ, கிராஃபிக்ஸ் டிரைவர் புதுப்பித்த அன்றோ சத்தம் போனால் முதல் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும்.

டாஸ்க்பாரில் வலது கோடியிலுள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து, சத்தப் பட்டைக்கு அருகிலுள்ள குறியை அழுத்தினால் கருவிகளின் பட்டியல் விரியும். அதில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். புதிய விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் இதே பட்டியல் வரும். சாதாரண ஜாக்கில் செருகியது ‘ஸ்பீக்கர்ஸ்’ என்ற சொல்லோடு, ரியல்டெக் அல்லது ஹை டெஃபினிஷன் ஆடியோ என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு நிற்கும். மானிட்டரின் பெயரோ என்விடியா, ஏஎம்டி என்ற பெயரோ இருப்பது மானிட்டர் வழி. ‘டிஜிட்டல் அவுட்புட்’ என்பது சிவப்பொளி தெரியும் ஆப்டிக்கல் துளைக்கு. அதைப் பயன்படுத்தாதவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

ஸ்பீக்கர் பட்டியலிலேயே இல்லையா? செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், பக்கத்தின் அடியிலுள்ள ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ஸைத் திறங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்து ‘சவுண்ட்ஸ்’ எடுத்தால் போதும். பழைய பாணியில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ‘பிளேபேக்’ பக்கம். வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து ‘ஷோ டிஸ்ஏபிள்டு டிவைசஸ்’ஸை டிக் செய்யுங்கள். முடக்கி வைக்கப்பட்ட கருவிகள் மங்கலாகத் தலைகாட்டும். உங்களுடையது அதில் இருந்தால் வலது கிளிக் செய்து ‘எனேபிள்’ கொடுங்கள்.

இந்தப் பழைய பெட்டியை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. ஒலி அந்தக் கருவிக்குப் போகும்போது பச்சையாகத் துள்ளும். பாட்டை ஓடவிட்டு அதைப் பாருங்கள். உங்கள் ஸ்பீக்கரின் பட்டை துள்ளுகிறது, ஆனால் காதில் ஒன்றும் விழவில்லை என்றால் செயலியும் விண்டோஸும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. கோளாறு அதற்குப் பின்னால்தான். வேறு கருவியின் பட்டை துள்ளினால் வழி மாறிப் போகிறது. எந்தப் பட்டையும் அசையவில்லை என்றால் ஒலி செயலியை விட்டே வெளியே வரவில்லை. தேட வேண்டிய இடத்தை இந்தப் பட்டை பாதியாகக் குறைத்துவிடுகிறது.

பட்டை அசையாதபோது வால்யூம் மிக்ஸரைத் திறங்கள். ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்தால் கிடைக்கும். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிச் சத்த அளவு அங்கே உண்டு. ஏதாவது ஒன்று பூஜ்யத்தில் கிடக்கும். எந்தச் செயலியின் ஒலி எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்பதையும் அங்கேதான் மாற்றலாம். பிரவுசர் என்றால் டேப்பின் தலையில் குறுக்குக் கோடு போட்ட ஸ்பீக்கர் படம் இருக்கிறதா, அந்தத் தளத்தையே ஊமையாக்கி வைத்திருக்கிறீர்களா, வீடியோவுக்குள் இருக்கும் சத்தப் பட்டை கீழே இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோ அழைப்புச் செயலிகள் விண்டோஸைக் கேட்காமல் தாங்களே ஒரு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளும்; அவற்றின் ஆடியோ அமைப்பில் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை: அழைப்பு வந்ததும் பாட்டு அமுங்கிப்போகிறது என்று பலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். பழுதல்ல. அதே பழைய பெட்டியின் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பக்கத்தில், அழைப்பின்போது மற்ற ஒலிகளை 80% குறைக்கும்படி அமைத்தே வருகிறது. ‘டூ நத்திங்’ என்று மாற்றிவிடுங்கள்.

லேப்டாப்பில் ஒரே துளை ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து இருக்கும். செருகியதும் ‘என்ன செருகினீர்கள்?’ என்று ஒரு பெட்டி கேட்டால் அவசரத்தில் மைக் என்று அழுத்திவிடாதீர்கள். கழற்றிச் செருகி மறுபடி பதில் சொல்லலாம். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஹெட்போனைக் கழற்றிய பின்னும் லேப்டாப் ‘ஹெட்போன் மாட்டியிருக்கிறது’ என்றே நம்பிக்கொண்டு தன் சொந்த ஸ்பீக்கரை மூடியே வைத்திருக்கும். துளைக்குள் இருக்கும் நுண்ணிய சுவிட்ச் தூசால் ஒட்டிக்கொண்டதுதான் காரணம். பின்னைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள், காற்று ஊதுங்கள். ஊசி, தீக்குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள்.

டிரைவருக்குக் கடைசியில்தான் முறை

இதுவரை எதிலும் பிடிபடவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது அல்ல, ரீஸ்டார்ட். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது டிரைவர்களின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுந்து வரும். குழம்பிய டிரைவர் குழம்பியபடியே எழும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ரீஸ்டார்ட் செய்ய முடியாத நேரத்தில் ஒலிச் சேவையை மட்டும் தட்டி எழுப்பலாம். தேடல் பெட்டியில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் ஆடியோ’வை வலது கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அதன் கூட்டாளியான ‘விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்’ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டின் தொடக்க வகையும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்க வேண்டும். ஸ்பீக்கர் படத்தின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தால் இங்கேதான் முதலில் பார்ப்பேன்.

அடுத்தது டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்தால் பட்டியலில் இருக்கும். ‘சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்’ பகுதியை விரியுங்கள். கீழ்நோக்கிய அம்பு இருந்தால் முடக்கப்பட்டிருக்கிறது. மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவரில் சிக்கல். நேற்றுவரை ஓடி, புதுப்பித்தலுக்குப் பிறகு நின்றது என்றால் கருவியின் பிராப்பர்ட்டீஸில் ‘டிரைவர்’ பக்கத்துக்குப் போய் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். பழைய டிரைவர் திரும்பும். அந்தப் பொத்தான் மங்கியிருந்தால் ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே கண்டுபிடித்து ஒன்றைப் போட்டுக்கொள்ளும்.

அதுவும் சரிவராவிட்டால் ‘அப்டேட் டிரைவர்’ வழியாக, கணினியிலேயே உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லி, ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்ற பொது டிரைவரைப் போடுங்கள். ஜிகினா வேலைகள் எதுவும் அதில் இல்லை, சத்தம் வரும். பொது டிரைவரில் சத்தம் வந்து, நிறுவனத்தின் டிரைவரில் வரவில்லை என்றால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டது. புது டிரைவர் வேண்டுமென்றால் லேப்டாப் அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று வரும் மென்பொருள்களை நான் கிட்டே சேர்ப்பதில்லை.

டிவைஸ் மேனேஜரில் சவுண்ட் சிப்பின் பெயரே இல்லையென்றால் கம்ப்யூட்டர் எழும்போது, விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் ‘ஆன்போர்டு ஆடியோ’ அல்லது ‘எச்டி ஆடியோ கன்ட்ரோலர்’ எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் வரவில்லை என்றால் சிப் செத்திருக்கக்கூடும். அதற்காக மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. விரல் அளவுள்ள யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று போதும். அதற்குள் சொந்தமாக ஒரு சவுண்ட் சிப் இருப்பதால் கம்ப்யூட்டரின் சிப்பையும் ஜாக்கையும் அது ஒதுக்கிவிட்டுப் போகும். என் மேசை இழுப்பறையில் ஒன்று எப்போதும் கிடக்கிறது. சந்தேகம் வந்தால் அதைச் செருகித்தான் தீர்த்துக்கொள்கிறேன்.

மேக், லினக்ஸ்

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், சவுண்ட், அவுட்புட் என்று போய்க் கருவியைத் தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ மானிட்டருக்கு அனுப்பும்போது சத்தப் பட்டை மங்கி அசையாமல் நிற்பது பழுதல்ல. மானிட்டரின் பொத்தானில் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒலி திடீரென்று நின்றுபோனால் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து ‘கோர்ஆடியோடி’ (coreaudiod) என்பதைத் தேடி மூடுங்கள். அது தானே மறுபடி எழுந்துகொள்ளும். பழைய மேக்புக்கின் ஹெட்போன் துளையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால், அதற்குள் ஆப்டிக்கல் வெளியீடும் இருக்கிறது. உள்சுவிட்ச் ஒட்டிக்கொண்டதால் அதற்கு மாறிவிட்டது. பின்னை மெல்லச் செருகி எடுத்துக்கொண்டே இருங்கள்.

லினக்ஸில் டெர்மினலில் ‘அல்சாமிக்ஸர்’ (alsamixer) திறந்து, எஃப்6 அழுத்தி சரியான கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர் பட்டைகளின் அடியில் ‘எம்எம்’ என்று இருந்தால் ஊமை. எம் விசையை அழுத்தினால் வாய் திறக்கும். ‘ஆட்டோ மியூட் மோட்’ என்று ஒன்று இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள். ‘பாவுகன்ட்ரோல்’ (pavucontrol) நிறுவி, அதன் ‘கான்ஃபிகரேஷன்’ பக்கத்தில் எச்டிஎம்ஐக்குப் பதில் ‘அனலாக் ஸ்டீரியோ’ தேர்ந்தெடுப்பதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும்.

சத்தம் வருகிறது, ஆனால் சரியில்லை

ஊமை ஸ்பீக்கரைவிட உறுமும் ஸ்பீக்கர் அதிகப் பொறுமை கேட்கும். இங்கே காதுதான் கருவி. எந்த மாதிரிச் சத்தம் என்று கவனித்தாலே பாதி விடை.

‘ம்ம்ம்’ என்று தாழ்ந்த குரலில் ஒரே சீராக உறுமுகிறதா? சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 தடவை துடிப்பது. அந்தத் துடிப்புதான் ஸ்பீக்கருக்குள் கசிகிறது. ஒலிப் பின்னைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றுங்கள். உறுமல் நின்றால் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் வேறு வேறு வழியில் தரையோடு இணைந்து ஒரு வளையம் உருவாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். உடனே அமைதியானால் உறுதி. இதற்கென்றே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. ஒலிக் கேபிளின் நடுவில் மாட்டினால், உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் நேரடி மின்தொடர்பை அறுத்து ஒலியை மட்டும் கடத்தும். மலிவான பெட்டிகளில் அடிநாதம் கொஞ்சம் மெலியும்.

சிலர் பிளக்கிலிருக்கும் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். உறுமல் போய்விடும்தான். கூடவே, கம்பி உரசிப் பெட்டியில் மின்சாரம் ஏறினால் உங்களைக் காப்பாற்ற இருந்ததும் போய்விடும். தயவுசெய்து வேண்டாம்.

பின்னைக் கழற்றியும் உறுமல் தொடர்ந்தால் ஸ்பீக்கரின் அடாப்டரோ, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரோ தளர்ந்திருக்கிறது. தனியாகக் கழலும் அடாப்டர் என்றால் அதே வோல்ட், அதே பின், அதே பிளஸ்-மைனஸ் முனை, குறையாத ஆம்பியர் கொண்ட இன்னொன்றால் சோதிக்கலாம்.

மவுஸை நகர்த்தும்போது ‘கீச்’சென்ற மெல்லிய ஒலி வருகிறதா? கம்ப்யூட்டரின் உள்மின்சாரத்தின் இரைச்சல் அது. யுஎஸ்பியில் மின்சாரம் வாங்கும் ஸ்பீக்கர்களில் நிறையக் கேட்கும். யுஎஸ்பி முனையைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து ஒரு போன் சார்ஜரில் செருகுங்கள், ஒலிப் பின் மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். பல நேரம் அத்தோடு நின்றுவிடும். முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத்துக்கு மாறுவதும் உதவும்.

எப்போதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சீறல் இருந்தால் ஸ்பீக்கர் குமிழ் உச்சத்திலும் கம்ப்யூட்டரின் சத்தம் அடியிலும் இருக்கிறது. திருப்பிப் போடுங்கள்: விண்டோஸில் 80, 90 வரை ஏற்றிவிட்டுக் குமிழில் கட்டுப்படுத்துங்கள். அவ்வப்போது ‘டிட்டிட் டிட்டிட்’ என்று தட்டினால் பக்கத்தில் ஜிஎஸ்எம் (2ஜி) முறையில் பேசும் போன் இருக்கிறது. நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலை வீசுவதால் வரும் தாளம் அது. போனை நகர்த்துங்கள், வேறு வைத்தியமில்லை.

குமிழைத் திருகும்போது மட்டும் கரகரப்பு என்றால் குமிழுக்குள் தூசு. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு இரு பக்கமும் முப்பது தடவை திருகுங்கள். போகாவிட்டால் மின்தொடர்புகளுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனர் தெளிக்கலாம். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய் கூடாது.

பாட்டு ஓடும்போது விட்டுவிட்டு ‘பட் பட்’டென்று வெடித்தால், அதுவும் ஹெட்போனிலும் அப்படியே கேட்டால், கம்ப்யூட்டருக்குள்தான் கோளாறு. சவுண்ட் செட்டிங்ஸில் அந்தக் கருவியின் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ஸை அணையுங்கள். பழைய பெட்டியில் கருவியின் பிராப்பர்ட்டீஸ், ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் ஒலி வடிவத்தை 16 அல்லது 24 பிட், 48000 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். யுஎஸ்பி ஸ்பீக்கர் என்றால் ஹப்பை ஒதுக்கி நேரடியாகச் செருகுங்கள். அப்படியும் வெடித்தால் வைஃபை போன்ற வேறொரு டிரைவர் பிராசசரை அதிக நேரம் பிடித்துவைப்பதால் ஒலிக்கு முறை வராமல் போகிறது. லேட்டன்சிமான் (LatencyMon) என்ற இலவசக் கருவி அந்த டிரைவரின் பெயரையே காட்டிக்கொடுக்கும்.

சத்தம் கூட்டும்போது மட்டும் கிழிகிறதா? விஎல்சி போன்ற பிளேயர்களில் 100%க்கு மேலும் ஏற்றலாம். அதற்குமேல் போனால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும், ஸ்பீக்கர்மேல் பழி விழும். 100க்கு இறக்கியும் கிழிந்தால் கூம்பைப் பாருங்கள். ஓரத்து ரப்பர் விட்டிருக்கலாம், காகிதம் கிழிந்திருக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் பாடினால் முதலில் பேலன்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று பழைய பெட்டியில் கருவியின் பிராப்பர்ட்டீஸ், ‘லெவல்ஸ்’ பக்கத்தில் பாருங்கள். பிறகு ஸ்பீக்கரின் முதுகில் சிவப்பு, வெள்ளைப் பின்கள் இருந்தால் அவற்றை இடம் மாற்றுங்கள். ஊமைப் பக்கமும் கூடவே மாறினால் கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ. ஊமைப் பக்கம் அசையாமல் அதே இடத்தில் நின்றால் ஸ்பீக்கரில். இரண்டும் பாடுகின்றன, ஆனால் அடிநாதமே இல்லாமல் வெளிறிக் கிடக்கிறது என்றால் ஒரு பெட்டியில் சிவப்பு, கறுப்பு வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து, தாழ்ந்த ஒலிகளை இரண்டும் சேர்ந்து கொன்றுவிடுகின்றன.

புளூடூத் ஸ்பீக்கர் என்றால்

‘இணைந்திருக்கிறது, ஆனால் சத்தமில்லை’ என்றால் அது வேறு யாருடைய போனோடும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த அறையிலிருக்கும் போன்கூடப் பிடித்துவைத்திருக்கும். இல்லையென்றால் கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பெயரை நீக்கிவிட்டு மறுபடி ஜோடி சேருங்கள்.

மைக் உள்ள புளூடூத் ஸ்பீக்கரில் இசை திடீரென்று பழைய டெலிபோன் போலக் கேட்டால் ஏதோ ஒரு செயலி அதன் மைக்கைத் திறந்திருக்கிறது. பேச்சுக்கான முறையில் ஒலியின் தரம் தடாலென்று விழுந்துவிடும். அழைப்புச் செயலியை மூடுங்கள், அல்லது மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். விட்டுவிட்டுக் கேட்டால் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி 3.0 துளையில் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். புளூடூத் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அதுவும் இரைச்சல் கிளப்பும்.

ஸ்பீக்கரைத் திறக்கலாமா?

சுவர் மின்சாரம் நேராக உள்ளே போகும் பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்கள் சற்று நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஆம்ப்ளிஃபையர் இல்லாத வெறும் பெட்டியை மட்டும் வீட்டிலேயே சோதிக்கலாம். வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனைகளிலும் தொடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரையை ஒட்டியும், 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழை ஒட்டியும் காட்டும். தொடும்போது ‘டக்’கென்று ஒரு மெல்லிய ஒலியும் எழும். மீட்டர் அசையவே இல்லையென்றால் வயரோ காயிலோ அறுந்துவிட்டது. மல்டிமீட்டர் இல்லாவிட்டால் 1.5 வோல்ட் பேட்டரியின் முனைகளை அந்த வயரில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். உயிருள்ள கூம்பு ஒரு துள்ளு துள்ளும்.

கடைக்குக் கொண்டுபோவதானால் ஸ்பீக்கரோடு அதன் அடாப்டரையும் கேபிளையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். ‘போனிலும் பாடவில்லை, ஹெட்போன் கம்ப்யூட்டரில் பாடுகிறது’ என்று சொன்னால் போதும், பழுது பார்ப்பவர் உங்கள் டிரைவரைப் பற்றிக் கேட்கவே மாட்டார்.